படம் போடுகிறவருக்கு ஒரு மேசை

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் முதன்முறையாக ‘காமிக் கான்’ என்னும் சித்திரக்கதைப் பெருவிழா கூடிய செய்தியைப் பத்திரிகைகளில் படித்தபோது, சிவகாசியிலிருந்து வந்து பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் அண்ணாந்து பார்த்து, வாங்கக் காசில்லாமல் அட்டைப் படத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு வீடு திரும்பிய ஒரு தலைமுறைக்கு உண்டான பூரிப்பு கொஞ்சநஞ்சமன்று. பொம்மைப் புத்தகம் என்று பெரியவர்களால் ஏளனம் செய்யப்பட்டு, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்டு, பிடிபட்டபோது கிழித்தெறியப்பட்ட ஒரு கலை, தலைநகரத்து மாளிகையொன்றில் டிக்கெட் வைத்துக் கொண்டாடப்படுகிறது என்றால் அது சாமானிய விஷயமா?

அந்தப் பூரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் படித்து மகிழ்கிறவர் நிலை வேறு. வரைந்து ஜீவிக்கிறவர் நிலை வேறு. தென்பெண்ணையாற்றை அடுத்த மூங்கில்துறைப்பட்டில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் கரும்புப் பருவத்து இரைச்சலுக்குப் பழகிப்போன காதுகளோடு, சிறுவர் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போட்டுக் கொடுத்து, அதில் மிஞ்சுகிற நேரத்தையும் காசையும் கொண்டு சொந்தமாக ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை அச்சிட்டு வைத்திருக்கும் என்னைப் போன்றவர், இத்தகைய விழாக்களுக்கு வேடிக்கை பார்க்கப் போவதில்லை. தொழில் நிமித்தமாகப் போகிறார். அந்தத் தொழில் அங்கே நடப்பதில்லை என்பதுதான் என் முறையீடு. சித்திரக்கதையின் பேரால் கூட்டப்படும் விழாவில் சித்திரக்கதையைச் செய்கிறவருக்கு, வாடகைக்கு இடம் பிடித்து உட்கார்ந்த சில்லறை வியாபாரி என்பதற்கு மேற்பட்ட அந்தஸ்து எதுவும் கிடையாது. வியாபாரிக்குக் கிடைக்கும் லாபமும் அவருக்குக் கிடையாது.

இந்த விழாக்களின் மூலபுருஷர்கள் இப்படி நினைத்துத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஷெல் டார்ஃப் என்பவரும் அவரைச் சூழ்ந்திருந்த சில இளைஞர்களும் 1970 ஆகஸ்டில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் கூட்டிய மூன்று நாள் மகாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர்தாம். ஜாக் கிர்பி என்னும் மேதை அதற்கு விருந்தாளியாக வந்தார். வந்தவரெல்லாம் அவரை எட்டிப் பார்க்கவும் ஏதாவது கேட்கவும் இயலும் என்கிற அளவில் கூட்டம் இருந்தது. இன்று அதே விழாவுக்கு 1,30,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் வருகிறார்கள். சினிமாக் கம்பெனிகள் தங்கள் படங்களின் முன்னோட்டத்தைக் காட்டுகிற பெரிய மண்டபமே அதன் கர்ப்பக்கிருகம் ஆகிவிட்டது. ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தொழில்முறையாளராக நுழைய விரும்புகிறவர், தாம் அந்தத் தொழிலைச் செய்கிறவரே என்பதற்கு அத்தாட்சி காட்டி விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் ஜதின் வர்மா 2011 பிப்ரவரியில் டில்லி ஹாட் வளாகத்தில் ஆரம்பித்த காமிக் கான் இந்தியாவும் ஊர் ஊராகப் பரவி வளர்ந்து, 2024இன் தொடக்கத்தில் மின்விளையாட்டுத் துறையைச் சேர்ந்த நாட்வின் கேமிங் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. முதல் போடுகிறவர் பெருங்கூட்டத்தைத்தான் தேடுவார். பெருங்கூட்டம் சினிமாவையும் விளையாட்டையும்தான் தேடுகிறது. விழா எந்தத் திசையில் நகர்கிறது என்பதை மட்டும் நாம் கண்திறந்து பார்க்க வேண்டும்.

நான் நேரில் கண்டதைச் சொல்லுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். தென்னாட்டுப் பெருநகரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் கட்டுகளைச் சங்கராபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரோடு தர்க்கித்து லக்கேஜ் டிக்கெட் வாங்கி, திருவண்ணாமலையில் இறக்கி, இரவு வண்டியில் மறுபடியும் ஏற்றி, விடியற்காலையில் அந்த நகரத்தில் இறங்கி, மண்டபத்து வாசலில் கட்டுகளோடு நின்றபோது, காவலாளி என் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது விசிட்டர் கேட் சார், ஸ்டால்காரங்க எல்லாம் பின்னாடி சுத்தி வாங்க” என்றார். பின்னால் சுற்றிப் போனால் அங்கே இருந்தவர், “ஸ்டாலா, டேபிளா? டேபிள்னா முன்னாடி கேட்தான்” என்றார். இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்து முடித்து உள்ளே போய்ச் சேர்ந்தால், ஆறடி மேசை ஒன்று. அதற்கு வாடகை முன்கூட்டியே கட்டியாயிற்று. மேசை விளக்குக்கு மின்சார இணைப்பு வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். இரண்டு நாற்காலிகளில் ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எதிரே ஆளுயர ஒலிபெருக்கிகளோடு ஒரு விளையாட்டுக் கம்பெனியின் அரங்கம். அதில் போட்டி நடக்கும்போதெல்லாம் என் மேசைமேல் இருந்த மைப்புட்டி நடுங்கிற்று.

நண்பகலுக்கு மேல் ஒரு தகப்பனாரும் பத்து வயதுப் பையனும் வந்து நின்றார்கள். பையன் என் புத்தகத்தைப் புரட்டினான்.

“இது என்ன கதை சார்?” என்றார் தகப்பனார்.

“கல்வராயன் மலைக் கதைங்க. ஜாகிர்தார் காலத்துல நடக்குது.”

“என்ன மலை?”

“கல்வராயன் மலை.”

“ஏற்காடா?”

எதிர் அரங்கத்தில் யாரோ ஜெயித்துவிட்டார்கள் போலும். அதற்கு மேல் நாங்கள் இருவரும் வாயசைத்தோமேயன்றிப் பேசவில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் அதிகாரத்தில் இருந்த ஒரு மலைநாடு தமிழகத்துக்குள் இருக்கிறது, அங்கே மலையாளிகள் என்று வழங்கும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பாட்டனார்கள் பட்ட பாட்டைத்தான் நான் படம் படமாகப் போட்டிருக்கிறேன் என்பதையெல்லாம் அந்த இரைச்சலில் கைஜாடையாலா விளக்க முடியும்? சத்தம் ஓய்ந்ததும், “நல்லாத்தான் இருக்கு. போன்ல வருமா சார்?” என்றார் அவர். வராது என்றேன். “சரி, பையனுக்கு நருட்டோ ஒண்ணு சின்னதா போட்டுக் குடுங்களேன்” என்றார். போட்டுக் கொடுத்தேன். பையன் நன்றி சொன்னான். தகப்பனார் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். புத்தகம் மேசையிலேயே இருந்தது. அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கொடுத்து, கார் நிறுத்தக் கொடுத்து, உள்ளே தண்ணீருக்கும் தோசைக்கும் ஊரில் இல்லாத விலை கொடுத்து வந்த குடும்பஸ்தர், புத்தக மேசைக்கு வந்து சேரும்போது அவர் பையில் என்ன மிஞ்சியிருக்கும்?

விற்பனை போகட்டும். தொழில் செய்கிறவர் விற்பதற்கு மட்டுமா விழாவுக்குப் போகிறார்? ஒரு பிரசுரகர்த்தரையாவது, ஒரு பத்திரிகாசிரியரையாவது சந்தித்துப் பேசலாம், தம் கைவேலையைக் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம், ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு விழிக்கிற அவஸ்தையை எப்படித் தவிர்ப்பது என்று அநுபவஸ்தர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதல்லவா அவருடைய உத்தேசம்? பிரசுரகர்த்தர்களின் கடைகள் இருந்தன. அவற்றில் விற்பனைப் பையன்கள் இருந்தார்கள். ஆசிரியர் எங்கே என்று கேட்டால், “சார் ஸ்டேஜ் பக்கம் போயிருக்கார்” என்றார்கள். மேடையில் நிகழ்ச்சி இல்லாமலில்லை. சித்திரக்கதைத் தொழிலில் நுழைவது எவ்வாறு என்பது பற்றி நல்லதொரு சம்பாஷணை நடந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அது நடந்த அதே வேளையில், அந்தத் தொழிலில் நுழைந்துவிட்டு வெளியே வர வழி தெரியாதவர்கள் அத்தனை பேரும் தத்தம் மேசையைவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போனால் மேசையை யார் பார்த்துக்கொள்வது? இயற்கை உபாதைக்கே பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்து மேசைக்காரரோ, அவருடைய கோடுகளின் நயத்தைப் பல வருஷங்களாக நான் ரசித்து வந்த ஓவியர்; அவரோடு மனம்விட்டுப் பேச வாய்த்த சந்தர்ப்பம் இது என்று மகிழ்ந்தேன். கடைசியில் நாங்கள் பேசிக்கொண்டது காகிதத்தில்தான். நான் எழுதி நீட்டுவேன். அவர் பதிலைப் படமாகவே போட்டு நீட்டுவார். காதுக்குக் காது ஒலிபெருக்கி முளைத்த ஒரு மனிதரை அவர் போட்டுக் கொடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த விழாவில் எனக்கு வந்த வரும்படி அது ஒன்றே என்றால் மிகையாகாது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் அநியாயமாகும். காஸ்ப்ளே என்று கதாபாத்திரங்களின் வேஷம் தரித்து வரும் இளைஞர்களை எங்கள் தொழிலில் சிலர் பழிக்கிறார்கள். அவர்களால்தான் கூட்டம் திசைமாறுகிறது என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அட்டையும் பஞ்சுமெத்தைத் தாளும் பசையும் கொண்டு மாதக் கணக்கில் ஒரு கவசத்தைச் செய்து, அதை அணிந்துகொண்டு உட்காரவும் முடியாமல் நாள் முழுதும் வியர்வையில் நிற்கிற ஒரு பெண்ணிடத்தில் இருக்கிற சிரத்தை, சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கிய சாவிக்கொத்துகளை விற்கும் கடைகளில் எங்கே இருக்கிறது? கையால் ஒன்றைச் செய்கிறவருக்குக் கையால் செய்கிறவரின் கஷ்டம் தெரிகிறது; என் புத்தகத்தைப் பேரம் பேசாமல் வாங்கியவர்களில் வேஷக்காரர்கள்தாம் அதிகம்.

நிர்வாகிகளிடத்தில் இந்தக் குறைகளைச் சொன்னால் அவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “உங்களுக்கு எத்தனை பெரிய விளம்பரம் கிடைக்கிறது, அதை யோசித்துப் பாருங்கள்.” யோசித்துத்தான் பார்க்கிறேன். மேடையில் தோன்றும் சினிமா நட்சத்திரத்துக்கும் அதே விளம்பரம் கிடைக்கிறது; அவரிடம் மேசை வாடகை வசூலிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒலியும் ஒளியும் அமைக்கிறவருக்கும், கூடாரம் போடுகிறவருக்கும், வாசற்காவலருக்கும் பணமாகவே கூலி கொடுக்கப்படுகிறது. யாருடைய வேலையை முன்னிட்டு விழாவுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அவருக்கு மட்டும் கூலி விளம்பரமாகத் தரப்படுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? பெருங்கூட்டம் இல்லாவிட்டால் விழாவே நடவாது என்று அவர்கள் சொல்வது மெய்தான். அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே எங்களுக்கு அரைநாள் அமைதியும், வாடகையில்லாத ஒரு மேசையும் ஒதுக்குவதால் விழா நடவாமற் போய்விடும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குறை இன்னும் ஆழமாகக் காண்பதற்கு நம்முடைய வாசிப்புச் சரித்திரமும் ஒரு காரணம். முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’யை அறியாத நடுவயதுத் தமிழர் வெகு சிலரே, அந்த மாயாவியைப் பக்கம் பக்கமாக வரைந்தவர் ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதை அறிந்தவரும் வெகு சிலரே. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ பத்திரிகையில் 1962இல் அந்தக் கதை தொடங்கியபோதே படக்காரரின் பெயரைப் போடும் வழக்கம் அங்கு இல்லை. பெயரில்லாமல் வந்த சரக்கைப் பெயரில்லாமலே நாமும் வாங்கிப் படித்தோம். பிறகு 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. கடைகளில் அவற்றுக்கிருந்த கிராக்கியை இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவற்றிலும் பெரும்பகுதி அயல்நாட்டுக் கதைகள். வரைந்தவர் கடல் கடந்த எங்கோ ஓர் ஊரில் இருந்தார். தமிழிலேயே பிறந்த சித்திரக்கதைக்கு வாண்டுமாமா எழுதினார், செல்லம் வரைந்தார், இன்னும் பலர் பத்திரிகைகளின் மூலையில் வாரந்தோறும் வரைந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு மாலை, ஒரு மேடை, ஒரு கூட்டம் வாழ்நாளில் எத்தனை முறை வாய்த்திருக்கும்? கதாநாயகர்களை நேசித்து, கர்த்தாவை விசாரிக்காமல் விட்ட வாசகர் பரம்பரையில் வந்த நமக்கு, விழா மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் யாரென்று கேட்கத் தோன்றாததில் ஆச்சரியம் என்ன?

இருந்தாலும் நம்மிடையே நல்ல கூட்டமும் உண்டு. ஆகஸ்டில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கும் சமயத்தை ஒட்டி, லயன்-முத்து வாசகர்கள் ஆசிரியர் விஜயனோடு கூடிப் பேசுகிறார்கள். டெக்ஸ் வில்லரின் அடுத்த சாகசம் எது, மொழிபெயர்ப்பு எந்த இடத்தில் இடறிற்று, காகிதம் ஏன் இப்படி, விலை ஏன் அப்படி என்று வழக்காடுகிறார்கள். வரைந்தவர் இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் இருக்கிறபடியால் அங்கே வர இயலாது என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி அங்கே நடப்பது முழுக்க முழுக்கச் சித்திரக்கதையைப் பற்றிய பேச்சு.

கூட்டம் பெருத்தால் கலைஞர் நசுங்கித்தான் தீரவேண்டும் என்பது விதியுமல்ல. டோக்கியோ நகரில் 1975 டிசம்பரில் 32 குழுக்களும் ஏறக்குறைய 700 வாசகர்களுமாகத் தொடங்கிய ‘காமிக்கெட்’ சந்தை, இன்று லட்சக்கணக்கானவர்கள் திரளும் சமுத்திரமாகிவிட்டது; ஆயினும், தம் கையால் புத்தகம் செய்தவர்கள் அதைத் தாமே விற்கும் மேசைகள்தாம் இன்றைக்கும் அதன் பிரதானம். மேசைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. நடத்துகிறவர்களும் தன்னார்வத் தொண்டர்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் நடத்துகிறவரும் ஒரே தரத்தினர் என்பது ஆரம்பகாலத்துக் கொள்கை. பிரான்சில் 1974 முதல் அங்குலேம் என்னும் சிறு நகரத்தில் நடந்துவரும் விழாவின் கதை வேறு மாதிரி. அங்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் நிர்வாகத்தின் போக்குப் பிடிக்காமல் ஒன்றுசேர்ந்து, நாங்கள் வரமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். 2026 ஜனவரியில் நடந்திருக்க வேண்டிய 53ஆவது விழா நடவாமல் ரத்தாயிற்று. வரைகிறவர் வராவிட்டால் விழா இல்லை என்பதை அந்த ஊர் ஹோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் அப்போது உணர்ந்திருப்பார்கள். நாங்கள் வரவில்லை என்று நம் நாட்டில் நாளைக்கு அறிவித்தால், எங்கள் மேசைகளைச் சாவிக்கொத்துக்காரர் மறுதினமே எடுத்துக்கொள்வார். ஆகவே பகிஷ்காரம் நமக்கு உகந்த ஆயுதமல்ல.

நம் ஊருக்கே வருகிறேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பயிரிடுகிறவருக்கும் கஷ்டங்கள் இல்லாமலில்லை. பருவத்தில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையில் காத்துக் கிடக்கின்றன, வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்து எடை குறைகிறது, நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் கொடி பிடிப்பதையும் நாடு பார்த்திருக்கிறது. அப்படியிருந்தும் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. அவருடைய கரும்பு ஆலையில் பதிவாகியிருக்கிறது. இன்ன நாளில் வெட்டு என்று அவர் கைக்குக் கட்டிங் ஆர்டர் வருகிறது. கரும்பைக் கொண்டுபோய் இறக்குவதற்கு ஆலை அவரிடம் வாடகை கேட்பதில்லை. கூட்டுறவு ஆலையென்றபடியால் அவர் அதில் அங்கத்தினரும் ஆவார். சித்திரக்கதை விழாவில் எங்களுக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. சரக்கும் எங்களுடையது, வாடகையும் எங்களுடையது.

அதைவிட நெருங்கிய உதாரணம் எங்கள் மாவட்டமான கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. இந்த வட்டாரத்து மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்துத் துண்டொன்றை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, உளி பிடித்த கையைவிடத் தட்டுகிற கை மெதுவாக அசைய, விநாயகர் துதிக்கையின் மடிப்பை எடுக்கிற சிற்பியின் பட்டறையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, அந்தச் சிற்பத்தின் விலை ஏன் அவ்வளவு என்ற சந்தேகம் எழாது. அந்தச் சிற்பிகளுக்கு அரசாங்கம் கைவினைஞர் என்று அடையாள அட்டை தருகிறது. பூம்புகார் நிறுவனம் விற்றுக் கொடுக்கிறது. அரசு நடத்தும் கைவினைச் சந்தைகளுக்குத் தேர்வாகிப் போனால் கடையிடமும் பயணப்படியும் பெற வழி இருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது போதுமென்று நான் சொல்லவரவில்லை. போதாது என்று அவர்களே சொல்வார்கள். கையால் செய்கிறவரைக் கடைக்காரரிலிருந்து வேறாகக் கருத வேண்டும் என்ற விவேகம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா இல்லையா? அதே மாவட்டத்தில் இறகு முனையும் தூரிகையும் கொண்டு அதே பொறுமையோடு குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்த விவேகம் நீளாததற்குக் காரணம், அவர் செய்கிற பொருள் அச்சில் ஏறிவிடுகிறது என்பது ஒன்றே போலும்.

அச்சுத் தொழிலுக்கும் அரசாங்கம் இத்தகைய கவனத்தைச் செலுத்தாமலில்லை. 2023 முதல் சென்னையில் தமிழ்நாட்டு அரசு நடத்திவரும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியின் நோக்கமே பதிப்புரிமைப் பரிமாற்றம்தான். பல தேசத்துப் பிரசுரகர்த்தர்களும் நம்மவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். தனியார் விழாக்களில் எங்களுக்கு அரைநாள்கூடக் கிடைக்காத அமைதியான வியாபாரச் சந்திப்பை அரசாங்கமே மூன்று நாட்கள் நடத்திக் காட்டுகிறது. நாவலுக்கும் கவிதைக்கும் சாத்தியமானது சித்திரக்கதைக்கு ஏன் சாத்தியமாகாது?

அதற்காகச் சென்னை வரையில் போக வேண்டுமென்பதும் இல்லை. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவதென்று 2022இல் அரசு முடிவு செய்த பிறகு, கள்ளக்குறிச்சியிலும் அது நடந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அணியணியாக வருகிறார்கள். சேமிப்பு உண்டியலைக் கையில் பிடித்தபடி வருகிற பிள்ளைகளும் உண்டு. மாலையில் பட்டிமன்றமும் சொற்பொழிவும் நடக்கின்றன. சொற்பொழிவாளருக்குச் சன்மானமும் பிரயாணச் செலவும் கொடுத்து, தங்க இடமும் கொடுத்து, பொன்னாடையும் போர்த்துகிறார்கள். இவையெல்லாம் தக்க மரியாதைகளே.

மாவட்ட நிர்வாகத்தையும், விழாவோடு சேர்ந்து உழைக்கும் பதிப்பாளர் சங்கமான பபாசியையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த திருவிழாவில், சொற்பொழிவு மேடையின் ஒலிபெருக்கி எட்டாத ஓர் ஓரத்தில், தமிழில் சித்திரக்கதை வரைகிறவர்களுக்கு நாலைந்து மேசைகளை வாடகையின்றிப் போட்டுக் கொடுங்கள். மரச்சிற்பிகளையும் அவர்கள் பக்கத்தில் உட்கார்த்துங்கள். முதல் நாள் காலை, ஜனங்களை உள்ளே விடுமுன், பிரசுரகர்த்தர்களும் சிறுவர் பத்திரிகாசிரியர்களும் அந்த மேசைகளுக்கு வந்து உட்கார்ந்து பேசும்படி ஒரு வேளையை ஒதுக்குங்கள். பிற்பகலில் கல்வராயன் மலைப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முன்னால் ஓவியர் ஒருவர் தாளில் கதை போட்டுக் காட்டட்டும். அதற்கு, மாலைச் சொற்பொழிவாளருக்குத் தருகிற சன்மானத்தில் பாதியையாவது அவருக்குக் கொடுங்கள். வெளியூர் ஓவியர்களுக்குப் பஸ் கட்டணமும் லக்கேஜ் கட்டணமும் கொடுங்கள். பிள்ளைகளை அழைத்து வருகிற தாய்தகப்பன்மாரிடமும் ஒரு விண்ணப்பம்: அந்த மேசைக்கு வந்து நின்றால், குழந்தைக்குப் படம் போட்டுத் தரச் சொல்லுங்கள், தாராளமாகப் போட்டுத் தருவார், அவருடைய புத்தகத்தில் ஒன்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.